இருபது மைக்ரான் நடுக்கம்

வடாலாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்வரை காரில் ஒரு குறையும் தெரியாது. ராம் மந்திர் ரோடு, ஃபைவ் கார்டன்ஸ், ஆன்டாப் ஹில் சிக்னல் என்று நாளெல்லாம் 30, 40 வேகத்தில் போய், நிமிடத்துக்கொரு தடவை பிரேக் மிதித்தாலும் வண்டி ஒழுங்காக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி 80ஐத் தொட்ட பிறகு, முன்னால் போகிற வண்டி வேகம் குறைகிறதே என்று பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் கைக்குள் படபடவென்று ஆடும். சிவ்ரியில் தொடங்கும் அடல் சேதுவில் 100இல் போகும்போது இன்னும் மோசம். பின்சீட்டில் இருப்பவர்கள்கூட என்ன சத்தம் என்று கேட்பார்கள். வேகம் 50க்குக் கீழே இறங்கியதும் நடுக்கம் தானாகவே அடங்கிவிடும்.

திங்கட்கிழமை கராஜுக்குப் போனால் மெக்கானிக் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். தெருவில் நடுக்கம் வராது. ஆனாலும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "டிஸ்க் பெண்ட் ஆயிட்டு அண்ணாச்சி. ரெண்டையும் மாத்திருவோம்." மாற்றினால் நடுக்கம் போய்விடும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் திரும்பி வரும். மும்பை கிழக்கின் ஆர்.டி.ஓ. அலுவலகமும் டிரக் டெர்மினலும் வடாலாவில்தான் இருக்கின்றன. இங்கே கராஜுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கதை எத்தனையோ கார்களுக்கு நடக்கிறது.

வேகமாகப் போகும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது, புது டிஸ்க் போட்ட பிறகும் ஏன் திரும்பி வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குள் வளைந்த டிஸ்க் அநேகமாக வருவதே இல்லை.

முதலில் பிரேக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்பு வட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். சிறிய கார்களில் சுமார் 24 செ.மீ. விட்டமும் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமனும் இருக்கும். அதன் இரு முகங்களையும் காலிப்பர் என்ற கிடுக்கி இரண்டு பேடுகளால் அழுத்துகிறது. மிதியில் நாம் தரும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகக் காலிப்பரின் பிஸ்டனுக்குப் போய், பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோஜூல். நின்றாக வேண்டுமானால் அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறி டிஸ்குகளில் இறங்கவேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் டிஸ்குகள் இரண்டும் சுமார் 70 சதவீதத்தை ஏற்கின்றன. ஒவ்வொன்றும் 5 கிலோ இருந்தால், ஒரே ஒரு தடவை நிற்பதற்கே டிஸ்கின் வெப்பநிலை 55, 60 டிகிரி ஏறும்.

டிஸ்க் இல்லாத வண்டிகளும் உண்டு. மும்பையின் பழைய கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் இருந்தது. டிரம் வட்டம் கெட்டு நீள்வட்டமானாலும் மிதி காலை உதைக்கும், ஆனால் இப்போது நாம் பேசுகிற நடுக்கம் பெரும்பாலும் முன் டிஸ்குகளின் சமாச்சாரம்.

டிஸ்க் உண்மையிலேயே வளைந்திருந்தால் என்ன ஆகும்? இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மிதக்கும் காலிப்பர். இரண்டு வழுக்கு பின்கள் மீது அது இடவலமாக நகரக்கூடியது. டிஸ்க் ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கினால் காலிப்பரும் கூடவே ஒதுங்கும். தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கிறவரை பேடுகளுக்கு இடையிலான தூரம் மாறாது, பிஸ்டன் அசையாது, ஆயிலின் அழுத்தமும் மாறாது. அதனால் கொஞ்சம் கோணலாகச் சுழலும் டிஸ்க், முதல் நாளில், உங்கள் கைக்கு ஒரு நடுக்கத்தையும் தராது.

நடுக்கம் தருவது தடிமனில் வரும் வித்தியாசம். டிஸ்கின் ஒரு பகுதி மற்றதைவிடத் தடித்திருந்தால், அந்தப் பகுதி பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். ஆயிலின் அழுத்தம் கூடும், மிதி பாதத்தை உதைக்கும். அதே கணத்தில் பிடி இறுகி, சக்கரம் பின்னோக்கி இழுபடும். மெல்லிய பகுதி வந்ததும் பிடி தளரும். ஒரு சுற்றுக்கு ஒரு இறுக்கம், ஒரு தளர்வு. இந்த இழுபறி, சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் டை ராட் வழியாக ஸ்டியரிங்குக்கு ஏறுகிறது. இதற்கு எவ்வளவு தடிமன் வித்தியாசம் வேண்டும் தெரியுமா? சில கார்களில் 20 மைக்ரானே போதும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பட்டறையில் எல்லோரிடமும் இருக்கிற வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவே 0.02 மி.மீ.தான். அந்தக் கருவி அளக்கக்கூடிய மிகச்சிறிய அளவும் நம் காரை நடுங்கவைக்கிற பழுதும் ஒரே அளவு. வெர்னியரை வைத்துப் பார்த்து "தடிமன் சரியாத்தான் இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கருவிக்கு அந்தப் பழுது தெரியாது.

அப்படியானால் இந்தத் தடிமன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியைப் புரிந்துகொள்ள வடாலாவிலிருந்து அதிக தூரம் போகவேண்டாம். தாராவியின் கும்பர்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் இன்றும் சக்கரத்தில் பானை வனைகின்றன. களிமண் உருண்டை சக்கரத்தின் நட்டநடுவில் உட்காராமல் ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குயவர் விரலை ஓரிடத்தில் அசையாமல் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் புடைத்து வருகிற அதே பக்கம் மட்டுமே விரலில் உரசும்; மறுபக்கம் தொடாமல் போய்விடும். உரசிய பக்கம் சுற்றுக்குச் சுற்று மண் இழந்து மெலிந்துகொண்டே வரும். சற்று நேரத்தில் பானையின் சுவர் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஆகிவிடும்.

கோணலாகச் சுழலும் டிஸ்குக்கும் இதேதான் நடக்கிறது, அதுவும் நாம் பிரேக் மிதிக்காத நேரத்தில். காலை எடுத்த பிறகு பேடுகள் டிஸ்கை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. மயிரிழை இடைவெளியில் காத்திருக்கின்றன. டிஸ்கின் ஒதுங்கிய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பேடை லேசாக உரசிக்கொண்டு போகும். நேர் எதிர்ப்புறத்தில், மறு முகம் மற்ற பேடை உரசும். ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தில், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் அந்த இடங்கள் சில மைக்ரான் மெலிந்துவிடும். கோணல் தடிமன் வித்தியாசமாக மாறிவிட்டது. புது டிஸ்க் போட்ட முதல் வாரத்தில் வராத நடுக்கம் ஆறேழு மாதம் கழித்து வருவதன் காரணம் இதுதான்.

அடுத்ததாக எழும் கேள்வி, புத்தம்புது டிஸ்க் ஏன் கோணலாகச் சுழலவேண்டும் என்பது. பெரும்பாலும் குற்றம் டிஸ்கில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. டிஸ்க் ஹப் என்ற வட்டமான முகத்தின்மேல் பதிந்து உட்கார்கிறது. அந்த முகத்தில் ஒரு பக்கம் மட்டும் 0.03 மி.மீ. துரு படிந்திருந்தால் டிஸ்க் அந்த அளவுக்குச் சாய்ந்து உட்காரும். ஹப் முகத்தைவிட டிஸ்க் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் என்பதால், விளிம்பில் அந்தச் சாய்வு சுமார் 0.06 மி.மீ. ஆகிவிடும். பொருத்திய நிலையில் 0.05 மி.மீ.க்கு மேல் கோணல் இருக்கக்கூடாது என்பது பல கார்களுக்கான வரம்பு. உப்பளங்களையும் கடல் கழிமுகத்தையும் ஒட்டிக்கிடக்கிற வடாலாவின் காற்றில், நான்கு மாத மழையில், ஹப்பில் இவ்வளவு துரு ஏறுவது பெரிய அதிசயமல்ல. பழைய டிஸ்கைத் தட்டிக் கழற்றி, ஹப்பைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் புதியதை மாட்டினால் அந்தத் துரு அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. கார்க்காரர் புது டிஸ்குக்குப் பணம் தருகிறார், கோணலோ பழையதுதான்.

இரண்டாவது குற்றவாளி வீல் நட். பங்க்சர் கடையில் ஏர் கன்னை வைத்து முதல் நட்டை முழுவேகத்தில் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஏர் கன் இல்லாத கடையில் வீல் ஸ்பானர்மேல் ஏறி நிற்பார்கள். சிறிய கார்களுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்தான். அதைப்போல இரண்டு மடங்கு இறுக்கத்தை ஒரு நட்டுக்கும் பாதி இறுக்கத்தை இன்னொன்றுக்கும் கொடுத்தால், சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே சிக்கியிருக்கும் டிஸ்க் அந்தப் பக்கமாக இழுபட்டு உட்காரும். பங்க்சர் ஒட்டிய நாளும் நடுக்கம் தொடங்கிய நாளும் மாதக்கணக்கில் விலகியிருப்பதால் இரண்டுக்கும் உள்ள உறவு யாருக்கும் தோன்றுவதில்லை.

தடிமன் வித்தியாசம் வரும் இன்னொரு வழி தேய்மானமல்ல, ஒட்டுதல். பேட் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. பிசின், இழைகள், கிராஃபைட், உலோகத் தூள்கள் என்று பல பொருட்களை அளந்து கலந்து அழுத்திச் சுட்ட கலவை. நம்மூரில் 1964இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங், சென்னை பாடியில் உள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்ற நிறுவனங்களின் தொழிலே இந்தக் கலவைதான். பேட் இரும்பைச் சுரண்டி மட்டும் பிடிப்பதில்லை. தன்னுடைய பொருளின் மிக மெல்லிய படலம் ஒன்றை டிஸ்கின்மேல் பூசிவிட்டு, அந்தப் படலத்தோடு ஒட்டியும் பிரிந்தும் பிடிக்கிறது. படலம் சீராக இருந்தால் பிரேக் அருமையாக வேலை செய்யும். திட்டுத்திட்டாகப் படிந்தால் அந்தத் திட்டுகளில் தடிமனும் வேறு, பிடிப்பும் வேறு.

ஃபோர்டின் ஜி.டி.40 கார்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்த குழுவில் இருந்த பொறியாளர் கரோல் ஸ்மித் இதை வலியுறுத்தி எழுதினார். வளைந்துபோனது என்று தன்னிடம் கொண்டுவரப்பட்ட டிஸ்குகளை அவர் ஆராய்ந்தபோது, பந்தயக் காரானாலும் தெருவில் ஓடும் காரானாலும், கண்டது பேட் பொருள் சீரில்லாமல் படிந்திருந்ததைத்தான். வளைந்தது என்ற பேச்சையே நம்பவேண்டாம் என்பது அவர் முடிவு. அவர் சொல்வது என்னைப் பொறுத்தவரை கொஞ்சம் மிகையானது; துருவும் நட்டும் தரும் கோணலை அது மறைத்துவிடுகிறது. ஆனால் வெப்பத்தால் டிஸ்க் அப்பளமாய் நெளிந்துவிடுகிறது என்று ஊரெல்லாம் நம்பும் கதை தவறு என்பதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மும்பைக்காரர்களுக்கு இந்தத் திட்டு எங்கே விழுகிறது என்று ஊகிக்க முடியும். லோனாவலாவிலிருந்து போர் காட் வழியாகக் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஐந்து பேரும் பைகளுமாக 1,300 கிலோ எடையுள்ள கார் இழக்கும் ஆற்றல் சுமார் 70 லட்சம் ஜூல். அதே காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து 14 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பெரும்பங்கு டிஸ்குக்குப் போகும். சில நூறு டிகிரிக்கு அது கொதிக்கும். கீழே வந்ததும் காலாப்பூர் டோல். வரிசையில் நின்றுகொண்டு மிதியை அழுத்திப் பிடித்திருக்கிறோம். டிஸ்கின் மற்ற பகுதிகள் காற்றில் ஆறிக்கொண்டிருக்க, பேடுக்கு அடியில் இருக்கும் பகுதி மட்டும் ஆறாமல், கொதிக்கும் பேடின் பொருளைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பேடின் உருவம் அப்படியே அச்சாகப் பதியும். சில டிஸ்குகளில் இந்த அச்சைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மழைக்காலத்தில் காரை மூடிவைத்துவிட்டு ஒரு மாதம் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போய்த் திரும்புகிறவர்களுக்கும் இதுபோல ஓர் அச்சு கிடைக்கும். டிஸ்க் முழுக்க ஒரு விதமாகத் துருப்பிடித்திருக்க, பேடுக்கு அடியில் இருந்த இடம் மட்டும் வேறு விதமாக இருக்கும். இது லேசாக இருந்தால் இரண்டொரு நாள் ஓட்டத்தில் தேய்ந்து போய்விடும், பயப்படவேண்டாம்.

வெப்பத் திட்டு அப்படிப் போகாது. தடித்த இடம் மற்ற இடங்களைவிட அழுத்தமாக உரசும். உரசினால் அதிகம் சூடேறும். சூடேறினால் விரிந்து இன்னும் புடைக்கும். புடைத்தால் மேலும் அழுத்தமாக உரசும். இந்தச் சுழலுக்கு வெப்ப மீள்மை நிலையின்மை என்று பெயர் சொல்லலாம். ஜே. ஆர். பார்பர் என்ற ஆய்வாளர் 1969இல் இதைக் கணக்கோடு விளக்கினார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு சமமான பரப்பும் தானாகவே சூடான திட்டுகளாகப் பிரிந்துவிடும். சோதனைக் கூடங்களில் டிஸ்கை எந்திரத்தில் சுழலவிட்டு அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கும்போது இந்தத் திட்டுகள் வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் தெரிகின்றன. பட்டறையில் கழற்றிய டிஸ்கில் நீலம் பாரித்த புள்ளிகளாகத் தெரிபவை அவைதான். அந்த இடங்களில் வார்ப்பிரும்பின் உள்கட்டமைப்பே மாறி, சிமென்டைட் போன்ற மிகக் கடினமான பொருள் உருவாகிவிட்டிருக்கும். லேத்தில் போட்டு மேல்தோலைச் சீவினாலும் அடியில் உள்ள கடினம் தங்கிவிடும். சுற்றியுள்ள மென்மையான இரும்பு தேயத் தேய, அந்தப் புள்ளி மீண்டும் மேடாகத் தலைதூக்கும். நீலப் புள்ளி உள்ள டிஸ்கைச் சீவுவதில் அர்த்தமில்லை, மாற்றிவிடவேண்டியதுதான்.

இப்போது வேகத்தின் கேள்விக்கு வரலாம். சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 13 தடவை சுற்றுகிறது. டிஸ்கில் ஒரே ஒரு தடித்த பகுதி இருந்தால் இழுபறியும் நொடிக்கு 13. 40 கி.மீ. வேகத்தில் அது 6தான். காரின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் சேர்ந்த அமைப்புக்கு, தட்டிவிட்டால் தானாக ஆடும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 20க்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தூண்டல் அந்த எண்ணோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு தூண்டலும் முந்தைய ஆட்டத்தின்மேல் ஏறி ஆட்டத்தைப் பெருக்கும். பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது இதுதான். ஆன்டாப் ஹில்லில் ஓட்டும்போதும் டிஸ்க் அதே பழுதான டிஸ்க்தான். ஆனால் நொடிக்கு 6 என்பதை சஸ்பென்ஷன் பொருட்படுத்துவதில்லை. ஃப்ரீவேயும் அடல் சேதுவும் 12 முதல் 15 வரை கொடுக்கின்றன. ஆகவே தெருவில் ஓட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்வது சோதனையே ஆகாது.

இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. நடுக்கம் 90இல் இல்லாமல் 45இல் உச்சம் தொட்டால், ஒரு சுற்றில் இரண்டு தடித்த பகுதிகள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நொடிக்கு ஆறரைச் சுற்று, சுற்றுக்கு இரண்டு இழுப்பு, மீண்டும் 13.

சீட்டில் உட்கார்ந்தபடியே இன்னும் பலவற்றை அறியலாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டால் பழுது பிரேக்கில். காலை எடுத்த பிறகும் அதே வேகத்தில் ஆட்டம் தொடர்ந்தால் அது வீல் பேலன்ஸ் அல்லது டயர். அதுவும் சக்கரச் சுற்றோடு வருவதால், இதே ஒத்ததிர்வில்தான் ஆடும், அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கம், ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் ஆடினால் பின்பக்கம். வேகம் குறையக் குறைய நடுக்கத்தின் தாளமும் மெதுவாகிக்கொண்டே வந்தால் அது சக்கரத்தோடு கட்டுண்ட பழுது. அவசரமாக மிதிக்கும்போதோ மழைத்தண்ணீரில் வழுக்கும்போதோ மட்டும் மிதி கரகரவென்று அதிர்ந்தால் அது ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது என்று பொருள், பழுதல்ல. காலையில் கிளம்பும்போது இல்லாமல், காட் இறங்கிய பிறகு மட்டும் வந்து, ஆறியதும் போய்விடுகிற நடுக்கம் சூட்டுத் திட்டுகளைக் காட்டுகிறது.

சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றியதும் நடுக்கம் குறைந்தது என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். மும்பைப் பள்ளங்கள் அந்த ரப்பரைக் கிழித்துவிடுகின்றன. கிழிந்த புஷ் நடுக்கத்தைப் பெரிதாக்கும். அது பிறக்கிற இடம் மட்டும் புஷ் அல்ல. ஆனாலும் பால் ஜாயின்ட், புஷ், ஸ்டியரிங் இணைப்பு இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தே ஆகவேண்டும். டிஸ்க் நடுக்கம் எரிச்சல் தரும். பால் ஜாயின்ட் கழன்றால் உயிருக்கு ஆபத்து.

இனி அளப்பது. இதற்குத் தேவையானது ஒரு டயல் கேஜ், காந்த அடித்தளம், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு சாக்பீஸ். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் ஆடாதபடி வாஷர் வைத்து வீல் நட்டுகளால் இறுக்கிக்கொள்ளவேண்டும். காந்தத்தை ஸ்ட்ரட்டின் இரும்பில் ஒட்டவைத்து, கேஜின் முனை டிஸ்கின் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே படும்படி நிறுத்தி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு கையால் மெல்ல ஒரு சுற்று. முள் ஏறுகிறது, மூன்று, ஐந்து, ஏழு, பிறகு இறங்கிப் பூஜ்யத்துக்கு வருகிறது. ஒரு கோடு 0.01 மி.மீ. என்பதால் கோணல் 0.07 மி.மீ. ஏழு வந்த இடத்தில் டிஸ்கில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேரே, நட்டு ஏறும் ஹப்பின் ஸ்டட்டிலும் ஒரு கோடு.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நட்டுகளைக் கழற்றி, டிஸ்கை அரைவட்டம் திருப்பி, எதிர் ஓட்டைகளில் மாட்டி, மறுபடி அளக்கவேண்டும். ஏழு காட்டிய மேடு டிஸ்கின் சாக்பீஸ் கோட்டோடு கூடவே நகர்ந்திருந்தால் கோணல் டிஸ்கினுடையது. டிஸ்க் திரும்பியும் மேடு ஸ்டட்டின் கோட்டிலேயே நின்றால் கோணல் ஹப்பினுடையது. எத்தனை புது டிஸ்க் வாங்கிப் போட்டாலும் அது போகாது. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, விளைவு எதைப் பின்தொடர்கிறது என்று பார்ப்பது ஆய்வுக்கூடத்து முறை. கால் மணி நேரத்தில், ஒரு சாக்பீஸ் துண்டோடு, தெருவோரக் கராஜிலும் அதைச் செய்யலாம். டிஸ்க் மாற்றச் சொல்கிறவரிடம் இந்த இரண்டு எண்களைக் கேட்க ஒவ்வொரு கார்க்காரருக்கும் உரிமை இருக்கிறது. பிறகு மைக்ரோமீட்டரால் வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் தடிமன் பார்க்கவேண்டும். அதிகத்துக்கும் குறைவுக்கும் 20 மைக்ரான் வித்தியாசம் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது.

பழுது நீக்குவதும் இதே வரிசையில் வருகிறது. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கவேண்டும். ஸ்டட்டுகளின் அடியைச் சுற்றி ஒளிந்திருக்கும் துரு வளையத்தை விட்டுவிடக்கூடாது. டிஸ்கின் உட்புற முகத்தையும் அப்படியே. பல நேரங்களில் இதைச் செய்தாலே 0.07 என்பது 0.03 ஆகிவிடும். தடிமன் வித்தியாசம் வந்துவிட்ட டிஸ்கை, நீலப் புள்ளி இல்லாமல், விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலும் இருந்தால், லேத்தில் இரு முகமும் சீவலாம். காரிலேயே பொருத்தியபடி சீவும் எந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஹப்பின் கோணலையும் சேர்த்து அது சரிசெய்துவிடும். காலிப்பரின் வழுக்கு பின்கள் துருவில் இறுகியிருந்தால் ஒரு பேட் டிஸ்கை விட்டு விலகவே விலகாது. அவற்றைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் இடவேண்டும். பழைய பேடுகளில் பழைய டிஸ்கின் மேடுபள்ளம் பதிந்திருக்கும், புது டிஸ்கோடு அவற்றைச் சேர்க்கக்கூடாது. நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், கடைசித் தவணையை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கவேண்டும்.

புது பேடும் டிஸ்கும் போட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த மெல்லிய படலத்தைச் சீராகப் பூசவேண்டும். ஞாயிறு அதிகாலை, பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், 60இலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்து தடவை செய்யவேண்டும். இதற்கிடையில் முழுவதுமாக நிற்கக்கூடாது. நின்றால் சூடான பேட் அச்சுப் பதித்துவிடும். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடவேண்டும். காட் இறங்கி டோலில் நிற்கும்போது, தரை சமமாக இருந்தால் மிதியைத் தளர்த்தி, வண்டியை அவ்வப்போது ஓரடி நகரவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

100 கி.மீ. ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்கவேண்டும். அடுத்த பங்க்சருக்குப் பிறகும் அதேபோல. மழை முடிந்து அக்டோபரில் டயர்களை இடம் மாற்றும் நாளில், சக்கரம் எப்படியும் கழன்றுதான் இருக்கும், டயல் கேஜை இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். முள் ஐந்து கோட்டுக்குள் நின்றால் அந்த டிஸ்கைத் தொடவேண்டியதில்லை.